டிசம்பரில் பிராக், ஒரே ஒரு பகல்: முழங்கால் வலியுள்ள அம்மா, இரண்டு பிள்ளைகள். எங்கே தொடங்குவது?

ரைன்கரை:
வணக்கம். ஜெர்மனியில் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்திய வார இறுதியில் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு (9 வயதுப் பையன், 4 வயதுப் பெண்) பிராக் வருகிறோம். சுற்றிப் பார்க்க ஒரு பகல்தான் கிடைக்கும். அம்மா தூத்துக்குடிக்காரர். குழந்தை இயேசு கோயிலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. ஆனால் படி ஏற முடியாது. பையனுக்குக் கோட்டை பார்க்கணும். சின்னவள் தள்ளுவண்டியில் வருவாள். எப்படித் திட்டமிடுவது?

பிராக்_அக்கா:
நான் இங்கே குடியிருப்பவள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களைக் குளிர்காலத்தில் கூட்டிக்கொண்டு சுற்றிய அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் வெளிச்சக் கணக்கைப் போடுங்கள். டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். கோட்டைக்குள் இருக்கும் கட்டடங்களையும் குளிர்காலத்தில் 4 மணிக்குச் சாத்திவிடுவார்கள். அதனால் காலையிலேயே கோட்டை, பிறகு இறங்கி வந்து குழந்தை இயேசு, இருட்டும் நேரத்தில் பாலம் என்பது வழக்கமான முறை. ஆனால் நீங்கள் சுற்றும் நாள் ஞாயிறா? அப்படியென்றால் இதைத் தலைகீழாக்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை திருப்பலி. பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகுதான் விடுவார்கள்.

ரைன்கரை:
ஞாயிறேதான் அக்கா! சனி இரவுதான் வந்து சேர்கிறோம்.

பிராக்_அக்கா:
நல்லதாப் போச்சு, கேட்டது. அப்போ பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்குங்கள். 1410-இல் செய்த வானியல் கடிகாரம் அங்கேதான். காலை 9 மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் மேலே ஜன்னல் திறந்து அப்போஸ்தலர்களின் (இயேசுவின் சீடர்கள்) சிலைகள் வரிசையாக வரும், பக்கத்தில் எலும்புக்கூடு மணியடிக்கும், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் கொஞ்சம் முன்னாலேயே போய் நில்லுங்கள். கடிகாரம் இருக்கும் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, அம்மாவும் மேலே போய்ப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் சந்தையும் அதே சதுக்கத்தில்தான். காலையில் நெரிசல் குறைவு.

அங்கிருந்து சார்லஸ் பாலம். இந்த நாட்டை ஆண்ட மன்னர் நான்காம் சார்லஸ் 1357-இல் கட்டத் தொடங்கியது, அரை கிலோமீட்டர் நீளம், வண்டி கிடையாது. இரு பக்கமும் 30 சிலைத் தொகுதிகள். அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள், ஏனென்றால் அவற்றில் ஒன்று நம்ம புனித சவேரியார்! 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களோடு வாழ்ந்த அதே சவேரியார்தான். 1890 வெள்ளத்தில் பழைய சிலை ஆற்றில் விழுந்துவிட்டது, இப்போது நிற்பது நகல். தூத்துக்குடியிலிருந்து வரும் ஒருவர் இந்தக் குளிரில், வல்தாவா ஆற்றின் நடுவே அவரைப் பார்ப்பதற்காகவே இந்த வழியில் போகச் சொல்வேன்.

பாலம் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் வெற்றி அன்னை ஆலயம். குழந்தை இயேசு வலப்பக்கப் பீடத்தில் இருக்கிறார். ஏறத்தாழ 47 செ.மீ. உயரம்தான். ஸ்பெயினிலிருந்து வந்த சுரூபம், 1628-இல் போலிக்சேனா என்ற சீமாட்டி கார்மேல் துறவிகளுக்குக் கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் என்பதால் ஊதா அங்கியில் இருப்பார். அம்மாவை அங்கே நிம்மதியாக உட்கார விடுங்கள். வேறு எதைக் குறைத்தாலும் இந்த நேரத்தைக் குறைக்காதீர்கள்.

பக்கத்திலேயே சாப்பாடு. பூண்டு சூப் கேளுங்கள், குளிருக்கு நம்ம பூண்டு ரசம் மாதிரி இதமாக இருக்கும். பிறகு ஹெல்லிகோவா நிறுத்தத்தில் 22-ஆம் எண் டிராம் ஏறி 'பிராஸ்கி ஹ்ராத்' நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டையின் வடக்கு வாசல். மலையேற்றமே இல்லை. 1 மணிக்குள் போய்விடுங்கள். பேராலயத்தை 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள், இதைப் பையனிடம் சொல்லுங்கள். திரும்பவும் அதே டிராமில் இறங்குங்கள். பழைய கோட்டைப் படிகள் பக்கம் அம்மாவைக் கூட்டிப்போகவே வேண்டாம்.

பனிக்குல்லா:
அக்கா சொன்னதோடு ஒன்று: தெருவெல்லாம் கல் பாவியது, சின்னச் சக்கரத் தள்ளுவண்டி குலுக்கி எடுத்துவிடும். பெரிய சக்கர வண்டி கொண்டுவாருங்கள். டிராமில் பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். பெரியவர்கள் தாள் டிக்கெட் வாங்கினால் முதல் தடவை ஏறும்போது மறக்காமல் முத்திரை குத்துங்கள். பரிசோதகர்கள் சுற்றுலாப் பயணி என்று விடமாட்டார்கள். தெருவில் நின்று பணம் மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் போகவேண்டாம், பெரும்பாலான கடைகளில் வங்கி அட்டையே செல்லும்.

ரைன்கரை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சவேரியார் விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னேன், ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "புடவையில் வரலாமா?" என்று கேட்டார்.

பிராக்_அக்கா:
தாராளமாக வரலாம். உள்ளே தெர்மல் கால்சட்டை, கம்பளிக் காலுறை, மேலே முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டு. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், உருகிய பனி கரையில் ஏறிவிடும். செருப்பு மட்டும் வேண்டாம். அடிப்பாகம் ரப்பர் வைத்த, வழுக்காத பூட்ஸ் வாங்கி, வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்குள் போட்டு நடந்து பழகட்டும்.