காலை நடைக்கு வழியில்லாத ஊரில் அம்மாவின் சர்க்கரை

கோத்தகிரி மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 59 வயது. முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், போன வருடம் ரிட்டயர் ஆனார். வேலைக்குப் போனவரை சர்க்கரை என்ற பேச்சே இல்லை. இப்போது வெறும் வயிற்றில் 164, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 258, மூன்று மாத சராசரி (HbA1c) 8.4 சதவீதம். டாக்டர் மெட்ஃபார்மின் கொடுத்து, தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். இங்கே எங்கே நடப்பது? ஒன்று மழை, இல்லையென்றால் பனி, விடியும்போது ரோட்டிலேயே காட்டுமாடு நிற்கிறது, போன மாதம் பக்கத்துத் தெருவுக்குக் கரடியும் வந்துவிட்டது. நாலு நாள் நடந்தார், அப்புறம் பயந்து விட்டுவிட்டார். மலையில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? காரட் இனிக்கிறது என்று அதையும் ஒதுக்குகிறார், அது சரியா?

குன்னூர்க்காரன்:
எனக்கு 11 வருடமாகச் சர்க்கரை. காலை நடையை விட்டுவிடுங்கள் சகோதரி. மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள், அரை மணிக்கு மேலேயே ஆகிவிடும். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை, நடக்கும்போது கால் தசை இழுத்துக்கொள்கிறது. மதியம் நல்ல வெளிச்சத்தில் வெளியே போகலாம், இரவில் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தால் போதும்.

அடுத்தது டீ. அம்மா ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று உட்கார்ந்து எண்ணுங்கள். நான் ஏழு டம்ளர் குடித்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன், ஆக 14 ஸ்பூன், கிட்டத்தட்ட 60 கிராம் சர்க்கரை. குளிருக்கு சூடுதான் வேண்டும், இனிப்பு வேண்டாம். ஒரே நாளில் நிறுத்த முடியவில்லை, வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தேன், இப்போது சர்க்கரை போட்ட டீயை என்னால் குடிக்கவே முடியாது. கூடத் தொட்டுக்கொள்கிற வர்க்கியும் மைதாவும் கொழுப்பும்தான்.

காரட்டைத் தாராளமாகச் சாப்பிடட்டும். கவனிக்க வேண்டியது உருளைக்கிழங்கை. சோற்றுக்கு உருளைக்கிழங்கு பொரியல் என்றால் மாவுக்கு மேல் மாவு. அந்த இடத்தில் பீன்ஸோ முட்டைக்கோஸோ வையுங்கள், சோற்றையும் ஒரு கரண்டி குறையுங்கள்.

கொடைக்கானல் செவிலி:
யாரும் சொல்லாததால் சொல்கிறேன், அம்மாவின் பாதத்தைப் பாருங்கள். நாள்பட்ட சர்க்கரையில் காலில் உணர்ச்சி மங்கும். குளிர் ஊர்க்காரர்கள் கணப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொள்கிறோம், வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துத் தூங்கிவிடுகிறோம். கால் வெந்து கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன், சுட்டதே தெரியவில்லை என்பார்கள். நெருப்பு வேண்டாம், கம்பளிச் சாக்ஸ் போதும். மழையில் நனைந்து வந்தால் விரல் இடுக்கு வரை துடைத்துவிட்டு, தூங்கும் முன் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் மிஷினில் சர்க்கரை பார்ப்பதாக இருந்தால், கையை இளஞ்சூடான தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள், விறைத்த விரலில் ரத்தம் வராது.

கோத்தகிரி மகள்:
ரொம்ப நன்றி. டீயை எண்ணினோம், ஆறு டம்ளர், எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. சர்க்கரை இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், செய்யலாமா?

கொடைக்கானல் செவிலி:
கூடவே கூடாது. மாத்திரையும் சேர்ந்துதான் இறக்குகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி சராசரி பார்த்து, குறைப்பதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ரொம்பத் தாழ்வது அபூர்வம். ஆனாலும் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். வியர்த்து, கை நடுங்கி, 70க்குக் கீழே காட்டினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

கோத்தகிரி மகள்:
சரி, மாத்திரையை நிறுத்தவில்லை. இன்று மதியம் அம்மாவோடு கொழுந்து பறித்த அக்கா ஒருவர் துணைக்கு வந்தார், இரண்டு பேரும் பள்ளிக்கூடம் வரை நடந்துவிட்டு வந்தார்கள். நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.