மொரிஸ் மைனர் கியர் பெட்டி: இரண்டாம் கியர் கழல்கிறது

வணக்கம். எனது 1098 சிசி மொரிஸ் மைனர் கார், நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனேயே இரண்டாம் கியரிலிருந்து கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. எஞ்சின் பிடிப்பை நம்பியே இறங்கவேண்டிய நமது வளைவுகளில் இது சில்லறைக் கோளாறு அல்ல. பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில், லேஷாஃப்ட்டில் (பெட்டிக்குள் கியர்த் தொகுதியைத் தாங்கும் துணைத் தண்டில்) ஊசி பெயரிங் (மெல்லிய உருளைகள் கொண்ட பெயரிங்) ஓடும் இடம் அரித்துக் குழி விழுந்திருப்பதும், இரண்டாம் கியரில் சின்க்ரோ (கியர் மாற்றும்போது சுழல் வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) வந்து கொளுவும் சிறு பற்கள் முனை மழுங்கியிருப்பதும் தெரிந்தன. முதலாம் கியருக்குச் சின்க்ரோ கிடையாதாகையால் அதன் பற்தேய்வு வழமையானதே. வெளி உறையில் புடைத்த வரிகள் உள்ள 1098 பெட்டிக்குரிய லேஷாஃப்ட், ஊசி பெயரிங், பித்தளைச் சின்க்ரோ வளையங்கள் ஆகியவை (948 சிசி பெட்டியின் பாகங்கள் வேண்டாம்) கண்டி, ஹட்டன் பக்கம் எங்கே கிடைக்கும் என்பதையும், மழுங்கிய பற்களோடு அந்தக் கியரையே மீண்டும் பூட்டலாமா என்பதையும், இப்பெட்டியைப் பூட்டிப் பழகியவர்கள் தயவுசெய்து அறியத்தரவும்.