நீராவிப் பெட்டியில் கீழ்த்தட்டுக் காய்கள் மட்டும் வேகாமல் நிற்பது ஏன்?

கேள்வி கேட்டவர்:
வணக்கம். உலர்த்துவதற்கு முன் கேரட் துண்டுகளையும் பீன்ஸையும் நீராவியில் பிளாஞ்சிங் செய்ய (அதாவது நொதிகளை, என்சைம்களை, அடக்கச் சிறிது நேரம் வேகவைக்க), நான்கு துளைத்தட்டுகள் கொண்ட எஃகுப் பெட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். கொதிகலனிலிருந்து வரும் ஆவிக்குழாய் பெட்டியின் கூரையை ஒட்டித் திறக்கிறது. ஆவி வெளியேறும் துளையும் கூரையில்தான் உள்ளது. மேல்தட்டின் அருகே பொருத்தியுள்ள வெப்பமானி கதவை மூடிய சிறிது நேரத்திலேயே 99 பாகை செல்சியஸ் காட்டிவிடுகிறது. கதவை மூடியதிலிருந்து 4 நிமிடம் கணக்கிட்டு வெளியே எடுக்கும்போது மேல் இரண்டு தட்டுகள் சரியாக இருக்கின்றன. கீழ்த்தட்டில் உள்ளவை பச்சையாகவே கடினமாக நிற்கின்றன. அவற்றை உலர்த்திச் சேமித்தால் சில வாரங்களில் கேரட் வெளிறி வயலட் பூவின் வாசனையை ஒத்த ஒரு மணம் கொள்கிறது. பீன்ஸில் வைக்கோல் வாடை எழுகிறது. நேரத்தைக் கூட்டினால் மேல்தட்டு குழைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
சில விவரங்கள் தேவை. ஒரு முறைக்கு மொத்தம் எத்தனை கிலோ காய் வைக்கிறீர்கள்? தட்டில் காய்களின் அடுக்கு எவ்வளவு தடிமன்? கொதிகலன் மணிக்கு எத்தனை கிலோ ஆவி தரும்?

கேள்வி கேட்டவர்:
ஒரு முறைக்கு 8 கிலோ வைக்கிறேன். அடுக்கு சுமார் 2 சென்டிமீட்டர் இருக்கும். கொதிகலனின் திறன் மணிக்கு 12 கிலோ ஆவி என்று அதன் தகட்டில் பொறித்திருக்கிறது.

பதில் 2:
கொதிகலனின் அழுத்தத்தை உயர்த்திப் பாருங்கள். அழுத்தம் கூடினால் ஆவியின் வெப்பமும் கூடும், கீழ்த்தட்டும் வெந்துவிடும்.

பதில் 3:
மேலே சொன்ன யோசனையை ஏற்க முடியவில்லை. வெளியேறும் துளை திறந்திருக்கும் பெட்டிக்குள் நிலவுவது வளிமண்டல அழுத்தமே. ஆகவே கொதிகலனில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும், காயின் மேல் ஆவி நீராகப் படியும் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகைதான். காயைச் சூடாக்குவதும் பெரும்பாலும் அந்தப் படிதல்தான்: 100 பாகையில் ஒரு கிலோ ஆவி நீராகும்போது சுமார் 2257 கிலோஜூல் வெப்பத்தை விட்டுச் செல்கிறது. எனவே, கீழ்த்தட்டுக்குப் போதுமான ஆவி போய்ச் சேருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். கேரட்டின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு ஒரு பாகைக்குச் சுமார் 3.9 கிலோஜூல் என்று கொண்டால், 8 கிலோவை 25 பாகையிலிருந்து 95 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 2180 கிலோஜூல் தேவை. அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஆவி முழுமையாகக் காயின் மேல் படிய வேண்டும். உங்கள் கொதிகலன் நிமிடத்துக்கு 200 கிராம் ஆவிதான் தருகிறது. இழப்பே இல்லை என்றாலும் காய் சூடேறுவதற்கு மட்டும் ஐந்து நிமிடம் ஆகும். குளிர்ந்த எஃகுச் சுவர்களும் தட்டுகளும் எடுத்துக்கொள்வது தனி: 20 கிலோ எஃகை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கவே 300 கிராமுக்கு மேல் ஆவி செலவாகும். உங்கள் 4 நிமிடத்தில் மேல் தட்டுகளே ஆவி முழுவதையும் உறிஞ்சிவிடுகின்றன என்பது என் கணிப்பு.

இரண்டாவது காரணம் காற்று. நீராவி காற்றைவிட இலேசானது. அதனால் கூரை வழியே நுழையும் ஆவி மேலே தங்க, பெட்டியில் முன்பே இருந்த குளிர்ந்த காற்று அடியில் தேங்குகிறது. வெளியேறும் துளையும் கூரையில் இருப்பதால், புதிதாக வந்த ஆவியே அதன் வழியே வீணாகப் போகிறது; காற்றுக்கு வழியே இல்லை. ஆவியுடன் பத்தில் ஒரு பங்கு கன அளவு காற்று கலந்திருந்தால் படிதல் வெப்பநிலை ஏறக்குறைய 97 பாகைக்கு இறங்கும். அந்த மூன்று பாகையைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு: படியாத காற்று காயின் மேற்பரப்பில் ஒரு திரையாக நின்று அடுத்த ஆவி நெருங்குவதைத் தடுக்கிறது. வெப்பமானி மேல்தட்டருகே இருப்பதால் இவை எதுவும் அதில் தெரியாது.

ஆகவே, பெட்டியின் அடியில், கதவின் எதிர்ப்புறத்தில், ஒரு வெளியேற்றும் துளையை அமைத்து, கூரைத் துளையை அடைத்துவிடுங்கள். படிந்த நீரும் அதே வழியில் வடியட்டும். காய் வைக்கும் முன் காலிப் பெட்டியை ஆவியால் நன்கு சூடாக்குங்கள். ஒரு முறைக்கு 4 கிலோவுக்கு மேல் வேண்டாம். வெப்பமானியைக் கீழ்த்தட்டின் நடுவில், துண்டுகளுக்கிடையே வையுங்கள். கதவை மூடிய நொடியிலிருந்து அல்லாமல், அடித்துளையில் ஆவி விடாமல் வீசத் தொடங்கிய நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். வழிகாட்டிகளில் கேரட்டுக்குச் சொல்லப்படும் 3 முதல் 3½ நிமிடம், பீன்ஸுக்குச் சொல்லப்படும் 2 முதல் 2½ நிமிடம் ஆகியவை ஆவி நிறைந்த பாத்திரத்துக்கு உரியவை.

பதில் 4:
இதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். கடினமாக இருப்பதைக் கைவிரலால் அறிவதைவிட, நொதி அடங்கியதா என்று சோதிப்பது நம்பகமானது. நீங்கள் சொல்லும் வைக்கோல் வாடை, பீன்ஸில் செயலிழக்காமல் எஞ்சிய நொதிகள் கொழுப்பைச் சிதைப்பதால் வருவது. கேரட்டின் வயலட் மணம் கரோட்டின் ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருவது. கீழ்த்தட்டின் நடுவிலிருந்து சில துண்டுகளை எடுத்துக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் 0.5 சதவீதக் குவாயகால் (நொதி இருந்தால் நிறம் மாறும் வேதிப்பொருள்) கரைசலையும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடையும் சில துளிகள் விடுங்கள். மூன்றரை நிமிடத்துக்குள் செங்கல் நிறம் தோன்றினால் பெராக்சிடேஸ் என்னும் நொதி இன்னும் இயங்குகிறது. சோதித்த துண்டுகளை உண்ணாமல் எறிந்துவிட வேண்டும். பெராக்சிடேஸ் காய்களில் உள்ள நொதிகளில் வெப்பத்தை மிகவும் தாங்கக்கூடியவற்றுள் ஒன்று என்பதால், அது அடங்கினால் மற்றவையும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். இலேசான நிறம் மட்டும் மிஞ்சினால் பதற வேண்டாம். அதையும் போக்க முயன்றால் காய் குழைந்துபோகும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அடித்துளை அமைத்து, சுமையை 4 கிலோவாகக் குறைத்தேன். கீழ்த்தட்டு வெப்பமானி இப்போது மேல்தட்டுடன் ஏறத்தாழ ஒன்றிச் செல்கிறது. கேரட் சோதனையில் நிறம் வரவில்லை. ஆனால் பீன்ஸ் ஆவியிலிருந்து வந்தபோது பளிச்சென்று பச்சையாக இருந்து, உலர்த்தியில் வைப்பதற்குள் பழுப்புப் பச்சைக்கு மாறிவிடுகிறது. தண்ணீரில் போட்டுக் குளிர்விக்கலாமா?

பதில் 3:
எடுத்ததும் குவித்து வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குவியலின் உள்ளே வெப்பம் தங்குவதால் வேகல் தொடர்கிறது. காயின் சொந்த அமிலம் பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தை வெளியேற்றி அதை ஆலிவ் நிறப் பொருளாக்குகிறது. உலர்த்தப்போகும் காய்க்குத் தண்ணீர்க் குளியல் எனக்கு உடன்பாடில்லை: ஆவியில் பிளாஞ்சிங் செய்து காப்பாற்றிய சர்க்கரையும் வைட்டமின் சியும் அதில் கரைந்து போகும், அந்த நீரையும் மறுபடி உலர்த்தியே வெளியேற்ற வேண்டும். தொட்டால் சற்றே சூடாக இருக்கும் அளவுக்கு, மெல்லிய அடுக்காகப் பரப்பி விசிறிக் காற்றில் ஆறவிட்டு, உடனே உலர்த்தித் தட்டுக்கு மாற்றுங்கள். மிஞ்சிய சூடு உலர்தலை விரைவாகத் தொடங்கி வைக்கும். உறைய வைப்பதாக இருந்தால் மட்டும் முழுமையாகக் குளிர்விப்பது அவசியம்.