ஐப்பசியில் இட்டேரிக்குள் கூப்பிடுகிற குருவி எது?

கேட்டவர்: வெள்ளகோவில் சாளை

வணக்கமுங்க. திருப்பூரில் 14 வருசம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் நான். போன வருசம் தைக்குப் பிறகு வீட்டுக்காரரின் காட்டுக்கே, அதாவது அவர் விவசாய நிலத்துக்கே, குடிவந்துவிட்டோம். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், 2 மயிலை மாடு, கொஞ்சம் செம்மறி.

எங்கள் சாளைக்கு, அதாவது காட்டு வீட்டுக்கு, வடக்கே ஒரு இட்டேரி போகிறது, இரண்டு உயிர்வேலிக்கு நடுவில் போகிற மண்பாதை. இரண்டு பக்கமும் கிளுவை மரவேலி, இடையில் சங்கஞ்செடி, கள்ளி, அதன் மேல் பிரண்டையும் கோவைக்கொடியும். ஐப்பசி பிறந்த நாலாம் நாளிலிருந்து அதற்குள் ஒரு குருவி கூப்பிடுகிறது. விடியக்காலை பால் கறக்க உட்காரும்போது, 6 மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தரம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடியும். இரண்டு சுரம் சேர்ந்த விசில், முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். பகலில் சத்தமே இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்தேன். மைனாவைவிடச் சின்னது, வால் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. சருகுக்குள் தத்தித் தத்திப் போனது. அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. செம்பூத்து, கவுதாரி, தவிட்டுக்குருவி எல்லாம் எனக்குத் தெரியும். இது வேறு.

வந்த நாளிலிருந்து பழைய டைரி ஒன்றில் எழுதி வைக்கிறேன். மாசியில் கிளுவை இலையே இல்லாமல் வெறும் குச்சியாக நின்றது, செத்துவிட்டது என்றே நினைத்தேன். சித்திரையில் வெள்வேல நெத்து உதிர்ந்து ஆடுகள் மரத்தடியை விட்டு நகரவில்லை. அதே மாதம் சரளைக்கல்லுக்கு நடுவில் ஆட்காட்டி 4 முட்டை வைத்திருந்தது. கல் எது முட்டை எது என்று கால் வைக்கப் பயமாக இருந்தது. ஆடியில் பாலக்காட்டுக் காற்று. புரட்டாசி இரண்டாம் வாரம் கறுப்பில் வெளிர்நீலப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சிகள் நாள் முழுக்க மேற்கே போய்க்கொண்டே இருந்தன. ஒரு நிமிசத்தில் 40 வரை எண்ணினேன். அப்புறம் முதல் மழை, ஈசல், சிவப்புப் பட்டுப்பூச்சி, செத்துப்போனது என்று நினைத்த கிளுவையில் துளிர்.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்த்திகையில் ஜேசிபி வைத்து எங்கள் பக்கத்துக் கிளுவையை வழித்துவிட்டுக் கம்பி வேலி போடலாம் என்கிறார் கொழுந்தனார். அதற்குள் இந்தக் குருவியின் பேராவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

பதில்: நொய்யல் கரை

ஆறுமணிக்குருவிங்க அது, சந்தேகமே வேண்டாம். நேரம் வைத்தே பேர் வந்தது. முதுகு பச்சை, தோளில் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை இருக்கும், அடுத்த தரம் பாருங்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருவது. சித்திரை வாக்கில் திரும்பிவிடும். சருகைப் புரட்டிப் பூச்சி, மண்புழு தின்னும். அதனால் வேலியடியைக் கூட்டிப் பெருக்கி நெருப்பு வைக்காதீர்கள். போனில் அதன் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம், இன்னொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று அலைமோதும்.

வந்து இறங்குகிற நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளும் விழும். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டில் சத்தமில்லாமல் வைத்திருந்து, தெம்பு வந்ததும் புதர் ஓரமாக விட்டுவிடலாம்.

நீங்கள் எண்ணிய பட்டாம்பூச்சிகள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கிழக்கு மலைகளிலிருந்து மேற்குத்தொடர்ச்சி மலைக்குப் போகிறவை. கோடையில் எதிர்த்திசையில் வரும். தேதியும் திசையும் தவறாமல் எழுதுங்கள், உங்கள் ஊரில் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

பதில்: பல்லடம் தக்காளி

படிக்க நன்றாக இருக்கிறது அக்கா. ஆனால் உங்கள் கொழுந்தனார் பக்கமும் நியாயம் இருக்கிறது. நிலக்கடலை விதைத்த அன்றைக்கே மயில் கிளறிவிடுகிறது, தக்காளி பழுத்தால் கொத்திவிடுகிறது. எங்கள் பக்கம் அவை பகலில் ஒளிவதே வேலிப் புதரில்தான். 1972ஆம் வருசச் சட்டத்தில் மயில் முதல் பட்டியலில் இருக்கிறது, விரட்டுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. ராத்திரி பகலாகக் காவல் இருக்கிறவனுக்குப் புதர் வேண்டாம் என்று தோன்றத்தான் செய்யும்.

பதில்: கொறங்காட்டான்

தம்பி, மயிலுக்குக் கம்பி வேலி ஒரு தடையா? பறந்து வந்து உட்காரும். என் சின்ன வயதில் ராத்திரி நரி ஊளை கேட்காமல் தூங்கினதில்லை. மயில் முட்டையைத் தின்கிற அந்த நரி படுத்திருந்ததும் இதே இட்டேரிப் புதரில்தான். புதரை வழித்தோம், நரி போனது, மயில் நின்றது.

அம்மிணி, நானும் 2009இல் தெற்கு வேலியைப் பிடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினவன். அடுத்த ஆடிக்காற்றில் காட்டு மண் என் கண் முன்னாலேயே பறந்தது. கிளுவை காற்றை வடிகட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கவுதாரி சத்தமும் அந்தப் பக்கம் நின்றுபோனது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

கொழுந்தனாருக்கு ஆடு வெளியே போகிறது என்ற கவலையாக இருந்தால், சந்து விழுந்த இடத்தில் மட்டும் 2 கம்பி இழுக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் மழைக்கு முன்னால் கிளுவைக் கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். போத்து என்னிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது.

மறுபடியும்: வெள்ளகோவில் சாளை

எல்லோருக்கும் நன்றிங்க. இன்றைக்குக் காலை 5.40க்கே அத்தையையும் கூட்டிக்கொண்டு இட்டேரி முக்கில் போய் உட்கார்ந்தேன். 10 நிமிசத்தில் வந்தது. தோள் நீலம், கண்ணில் கறுப்புப் பட்டை, நீங்கள் சொன்னது அப்படியே. ஒவ்வொரு சருகாக அலகால் தள்ளிப் பார்த்தது. அத்தைக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இந்தச் சத்தம் தெரியுமாம், "இது கூப்பிட்டால் நான் தாழி எடுப்பேன், உருவத்தை இன்னைக்குத்தான் கண்ணு பார்க்கிறேன்" என்றார்.

கொறங்காட்டான் அய்யா எழுதியதைக் கொழுந்தனாருக்குப் படித்துக் காட்டினேன். மண் பறந்த கதையைத்தான் இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். சந்து எத்தனை என்று நாங்கள் இருவரும் நடந்து எண்ணினோம், 7 இருக்கிறது. பல்லடம் தம்பி, மயிலுக்கு எங்களிடமும் வழியில்லை, தக்காளி போடாததால் தப்பித்தோம், அவ்வளவுதான்.

அய்யா, இந்த மழை தாண்டிவிட்டது. அடுத்த மழைக்கு முன்னால் போத்து எந்த மாதம் வெட்ட வரலாம்? கை மொத்தமா, விரல் மொத்தமா, எது நல்லது?