காலா கோடா குதிரை: மேலே ஆள் வேண்டாமா?

செம்பூர்வாசி:
ஊரிலிருந்து வந்த மச்சானுக்கு மும்பை காலா கோடாவின் (இந்தியில் ‘கறுப்புக் குதிரை’ என்றுதான் அர்த்தம்) கறுப்புக் குதிரைச் சிலையைக் காட்டக் கூட்டிப்போனேன். ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குப் பக்கத்தில், கார்கள் நிறுத்துகிற இடத்தில், உயரமான பீடத்தின் மேல் நிற்கிறது. சேனைத் தலைவரோ ராஜாவோ மேலே யாரும் இல்லை. ‘யாருக்கு வைத்த சிலை?’ என்றான். எனக்கும் அதே கேள்விதான். மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நாலு பேர் பாறையை நெம்புகிற வேகத்தில் தொடையும் முதுகும் முறுக்கிக்கொண்டு நிற்கும். உழைக்கிறவன் தன்னையே அதில் பார்க்கிறான். பம்பாய் துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம் ஆட்களுக்கு என்ன இருக்கிறது?

மாட்டுங்கா மீனா:
அண்ணா, முன்பு அங்கே இருந்தது இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்டு குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை. அவர் இளவரசராக 1875இல் பம்பாய் வந்துபோனதன் நினைவாக பம்பாய் வியாபாரி ஆல்பர்ட் சசூன் செய்து கொடுத்தது. 1965இல் அதை எடுத்து பைக்குலாவில் மிருகக்காட்சிசாலை இருக்கிற ராணி பாக் தோட்டத்தில் வைத்தார்கள். அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் அங்கே குதிரையே கிடையாது. ஆனாலும் டாக்சியில் ஏறி ‘காலா கோடா’ என்றால் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். ஜனங்கள் மனசில் நின்றது குதிரை, ராஜா இல்லை. 2017இல் அல்ஃபாஸ் மில்லர் வடிவமைத்து ஸ்ரீஹரி போஸ்லே செய்த குதிரையில் ஆள் இல்லாதது அதனால்தான். இதைவிடச் சரியாகச் செய்திருக்க முடியாது.

தாராவி தம்பி:
சென்னையில் வெள்ளைக்கார கவர்னர் மன்றோ இன்னும் குதிரை மேல்தானே இருக்கிறார்? யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? ராஜாவை ஒதுக்கிவிட்டால் நம்மை ஆண்டது யார் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

மாட்டுங்கா மீனா:
மன்றோ நம் ஊரில் வேலை பார்த்தவர் தம்பி. விவசாயியிடமே நேரடியாக நிலவரி வாங்குகிற ரயத்துவாரியைக் கொண்டுவந்தார், 1827இல் காலரா வந்து மதராஸ் மாகாணத்திலேயே இறந்தார். எட்வர்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர். இரண்டும் ஒன்றா? பிள்ளைகளை ராணி பாக்குக்குக் கூட்டிப்போய் ராஜாவைக் காட்டுங்கள், அப்படியே இங்கே வந்து குதிரையைக் காட்டுங்கள். ஞாயிறு விடிகாலையில் போனால் கார்கள் குறைவு, சுற்றி வந்து பார்க்கலாம்.

செம்பூர் அண்ணா, தொழிலாளிக்குச் சிலை கேட்டீர்களே, கொஞ்ச தூரம் நடந்தால் ஹுதாத்மா சௌக். தொழிலாளியும் விவசாயியும் தீப்பந்தம் ஏந்தி நிற்கிறார்கள்.

செம்பூர்வாசி:
அது மராத்தி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிர் விட்டவர்களுக்கு வைத்தது மீனா. மரியாதையோடு கும்பிடுகிறேன். நான் கேட்பது மூட்டை சுமந்தவனுக்கு. ராஜா போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அத்தனை வருஷம் காலியாகக் கிடந்த இடத்தில் அவனை நிறுத்தியிருக்கலாம் என்றுதான் இன்னும் சொல்கிறேன்.