ஒரே மேடையில மூணு படத்து ஸ்பைடர்மேன்: டிரெஸ்ஸை எப்படிப் பிரிச்சுக் காட்டறது?

அவிநாசிரோட்டுத் தையல் கேட்டது:

வணக்கமுங்க. ஸ்கூல் ஆண்டு விழா டான்ஸுக்கு ஒன்பது ஸ்பைடர்மேன் டிரெஸ் தைக்கோணும். பசங்க 7ல இருந்து 10 வயசு. ஒன்பதும் ஒரே மாதிரின்னா கேள்வியே இல்லைங்க. 2021ல வந்த நோ வே ஹோம் படத்துல மூணு ஸ்பைடர்மேனும் ஒண்ணா வர்றாங்கல்ல, அது மாதிரி வேணும்கறாங்க. மூணு பையன் டோபி மெக்வயர், மூணு பையன் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், மூணு பையன் டாம் ஹாலண்ட் (மூணு பேரும் ஸ்பைடர்மேனா நடிச்சவங்க).

போட்டோவ வெச்சுப் பக்கத்துல பாத்தா வித்தியாசம் தெரியுது. மேடையில நிக்கறப்ப பின்வரிசையில உக்காந்திருக்கற அப்பா அம்மாவுக்கு எது கண்ணுக்குத் தெரியும்? எதை விட்டுட்டாலும் பரவாயில்லை? அந்த வலைக்கோடு போடறதுக்கு மூணுக்கும் ஒரே வழி போதுமா?

ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கிள் நீடில் மெஷின் இருக்குதுங்க. பிரிண்டிங் வெளிய குடுக்கோணும். 25 நாள் டைம்.

---

மூட்டைகாமிக்ஸ் எழுதியது:

தூரத்துல தெரியறது மூணே விசயம்: கண்ணு, வலைக்கோட்டோட நிறம், நீலத்தோட அடர்த்தி. நெஞ்சுல இருக்கற சிலந்தியெல்லாம் நாலாவது வரிசைக்கு மேல ஒரு கருப்புப் புள்ளிதான்.

மெக்வயர் (சாம் ரெய்மி எடுத்த 2002, 2004, 2007 படங்க): வலைக்கோடு கருப்பு இல்லீங்க, வெள்ளி கலந்த சாம்பல். துணிமேல மேடா எந்திரிச்சு நிக்கும். இதைக் கருப்புல போட்டீங்கன்னா அப்பவே மெக்வயர் போயாச்சு. நீலம் நல்லா இருட்டு. கண்ணு கூர்மையா, வெள்ளிக் கண்ணாடி மாதிரி மின்னும், சுத்தி கருப்பு விளிம்பு. வலை இவனுக்கு மணிக்கட்டுல இருந்தே வரும், அதனால கையில கருவி எதையும் கட்டி விட்டுடாதீங்க. 2007 படத்துல வர்ற கருப்பு டிரெஸ் பக்கமும் போகாதீங்க, மேடை வெளிச்சத்துல பையனே தெரிய மாட்டான்.

கார்ஃபீல்டுல ரெண்டு இருக்குது, குழப்பிக்காதீங்க. 2012 படத்து டிரெஸ்ல கண்ணு மஞ்சக் கூலிங்கிளாஸ் மாதிரி, சின்னது. கதையிலயே கூலிங்கிளாஸைப் பிரிச்சுத்தான் வெச்சுக்குவான். நோ வே ஹோம்ல வர்றது அது இல்லை, 2014 படத்து டிரெஸ். கண்ணு பெருசு, பளிச்சுனு வெள்ளை, முகத்துல பாதி அதுதான். நீலமும் செகப்பும் நல்லா எடுப்பு. சினிமாவுல வந்ததுலயே காமிக்ஸ் படத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கறது இதுதான்னு நான் சொல்லுவேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

ஹாலண்ட் 2016லயே வந்துட்டான், கேப்டன் அமெரிக்கா சிவில் வார்ல. நோ வே ஹோம்லயே நாலஞ்சு டிரெஸ் மாத்தறான், தங்கக்கலர் போட்டதெல்லாம் இருக்குது. அத்தனையும் உங்களுக்கு எதுக்குங்க? 2017 ஹோம்கமிங் டிரெஸ்ஸை எடுத்துக்கங்க. கையிலயும் விலாவுலயும் கெட்டியாக் கருப்புப் பட்டை ஓடும். தூரத்துல அவனைக் காட்டிக் குடுக்கறது அந்தப் பட்டைதான். கண்ணு சின்னது, சுத்தி கருப்பு வளையம் தடிமன். படத்துல அந்தக் கண்ணு சுருங்கி விரியறதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, அதுக்கு மெனக்கெட வேண்டாம்.

அக்குள்ல வலை வெக்கலாமான்னு யாராவது கேப்பாங்க. 1962ல காமிக்ஸ்ல ஸ்டீவ் டிட்கோ மொதமொதலா வரைஞ்சப்பவே அது இருந்துச்சு, ஹோம்கமிங்ல திரும்பி வந்துச்சு. ஆனா கையைத் தூக்கி ஆடற பையனுக்கு அது தொல்லை.

நம்மூருல 80கள்ல லயன் காமிக்ஸ் படிச்சவங்க யாராச்சும் "ஸ்பைடருக்கு இப்படியா டிரெஸ்?"னு கேட்டா, அது பிரிட்டிஷ் காமிக்ஸ்ல வந்த வேற ஆளுன்னு சொல்லிடுங்க.

---

சப்ளிமேஷன் பேப்பர் எழுதியது:

மூணுக்கும் ஒரே வழி ஆகாதுங்க. கார்ஃபீல்ட், ஹாலண்ட் ரெண்டுக்கும் சப்ளிமேஷன் (பேப்பர்ல அடிச்ச டிசைனைச் சூட்டுல துணிக்கு ஏத்தறது). மெக்வயருக்கு வேண்டாம், மேடு வராது.

சப்ளிமேஷனுக்கு வெள்ளைப் பாலியஸ்டர் லைக்ராதான், நாலு பக்கமும் இழுபடறது, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம்). காட்டன் கலந்திருந்தா கலர் புடிக்காது, ஒரு தண்ணி அலசுனதும் வெளுத்துப் போகும். செகப்பு, நீலம், வலைக்கோடு, கருப்புப் பட்டை, சிலந்தி எல்லாமே கம்ப்யூட்டர் டிசைன் பைல்லயே போட்டு ஒரே தடவையில அடிச்சுடலாம்.

கணக்கு: 60 இஞ்ச் அகலத்துல 200 ஜிஎஸ்எம் துணி மீட்டருக்கு 300 கிராம் வரும். 8 வயசுப் பையனுக்கு முகமூடியோட சேத்து ஒண்ணேகால் மீட்டர், அதாவது 375 கிராம். ஆறு டிரெஸ்ஸுக்கு 2 கிலோ 250. சேதாரம், டெஸ்ட் பீஸ் எல்லாம் சேத்து மூணு கிலோ வாங்கிக்கங்க.

தப்பு நடக்கற இடம் ரெண்டு. மொதல்ல, சூட்டுல துணி சுருங்கும். ரோலர் 200 டிகிரி, 40 செகண்டு ஓடி வர்றப்ப நீளவாக்குல ஒண்ணுல இருந்து மூணு சதம் வரைக்கும் குறையலாம், ரோலுக்கு ரோல் மாறும். அதனால 20க்கு 20 சென்டிமீட்டர்ல ஒரு கட்டம் போட்டு அடிச்சுப் பாத்து, அளந்து, அந்த அளவுக்குப் பைலைப் பெருசு பண்ணிக்கோணும். இதைச் செய்யாம நேரா ஆர்டர் அடிச்சா ஒன்பது வயசு டிரெஸ் எட்டு வயசுக்காரனுக்குத்தான் ஆகும்.

ரெண்டாவது, வெள்ளை பல்லைக் காட்டறது. இங்க் துணியோட மேல்பக்கம்தான் ஏறும். முட்டியில, தோள்ல இறுக்கமா இழுபட்டா லூப்புக்கு நடுவுல இருக்கற வெள்ளை வெளிய வந்து செகப்பு ரோஸ் ஆயிடும். நெருக்கமா பின்னுன லைக்ராவா பாத்து எடுங்க. கட்டை விரல் ரெண்டையும் வெச்சு இழுத்துப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

---

பப்_பிரிண்ட்_பட்டறை எழுதியது:

மெக்வயர் செட்டுக்கு நான் சொல்றேன். பாலியஸ்டரையே விட்டுடுங்க. செகப்புப் பாலியஸ்டர் மேல வெளிர் கலர் இங்க் அடிச்சு க்யூரிங் (இங்க் இறுகறதுக்குச் சூடு காட்டறது) விட்டா, துணியோட சாயம் இங்க்குக்குள்ள ஏறும். அடிச்ச அன்னைக்கு நல்லா இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு சாம்பல் கோடு ரோஸ் அடிச்சுட்டு நிக்கும். காட்டன் லைக்ரா 220 ஜிஎஸ்எம், செகப்பும் கருநீலமும் சாயம் போட்டதாவே கிடைக்கும். திருப்பூர் காதர்பேட்டையில கட்பீஸ்லயே மூணு டிரெஸ்ஸுக்குத் தேறும். ஒரே லாட்டான்னு (ஒண்ணாச் சாயம் போட்டதான்னு) மட்டும் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கங்க. பளபளப்பு இருக்காது, மெக்வயர் டிரெஸ்ஸுக்கு அதுதான் சரி.

பிளாஸ்டிசால் இங்க்ல பப் (சூட்டுல பொங்கற கலவை) கலந்து, சாம்பல் கலர்ல, கொஞ்சம் வெள்ளிப்பொடி சேத்து அடிங்க. மெஷ் (ஸ்கிரீன் வலையோட கண்ணி எண்ணிக்கை) 60ல இருந்து 80க்குள்ள. 120 போட்டா இங்க் பத்தாது, மேடு எந்திரிக்காது. கோடு 2 மில்லிக்குக் குறையக் கூடாது. பொங்குறப்ப பக்கவாட்டுலயும் விரியும், அதனால வலை ஒண்ணுகூடற மூலையில, முக்கியமா ரெண்டு கண்ணுக்கு நடுவுல, கோட்டைக் கொஞ்சம் மெலிசாக்கி விடுங்க. இல்லாட்டி அந்த எடம் பூரா ஒரே திட்டா அடைச்சுக்கும்.

க்யூரிங் 155 டிகிரிகிட்ட, ஒரு நிமிசத்துக்கு மேல. பெல்ட் ஓடற கன்வேயர் அடுப்புலதான் விடோணும். ஹீட் பிரஸ்ல வெச்சு அமுக்குனீங்கன்னா பொங்குனது தோசை மாதிரி ஒட்டிப் போகும். சூடு ஏறுனாலும் பொங்கி மறுபடி உக்காந்துரும்.

பீஸை வெட்டுன பொறவுதான் அடிக்கோணும், தைச்சுட்டுக் கொண்டாறாதீங்க.

பப்புக்கு ஒரு கொறை இருக்குது. அஞ்சு சதத்துக்கு மேல இழுத்தா விரிசல் வுடும். அதனால மெக்வயர் டிரெஸ்ஸை இறுக்கமா வெட்டாதீங்க.

பிரிண்டுக்கே போக வேண்டாம்னா, கூர்முனை ட்யூப்ல வர்ற 3டி அவுட்லைனர் இருக்குது. மூணு டிரெஸ்தான்கறதால கையிலயே போட்டுடலாம். 12 மணி நேரம் அசையாமக் காய விடோணும். ஆனா தெனமும் ரிகர்சல்ல போட்டுக் கழட்டுனா உதிரும்.

---

பேட்டர்ன்மாஸ்டர் எழுதியது:

பிரிண்டைப் பத்தி எல்லாரும் சொல்லியாச்சு. பசங்க ஒண்ணுக்குப் போகோணும்கறதை ஒருத்தரும் நெனைக்கலை பாருங்க.

முழு டிரெஸ்ஸா ஒரே பீஸ்ல, முதுகுல ஜிப் வெச்சுத் தைச்சா ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் கூடப் போய் உரிக்கோணும். அதுவுமில்லாம லைக்ராவுல 45 சென்டிமீட்டர் ஜிப் வெச்சா அந்த எடம் இழுபடாது, பையன் குனிஞ்சா முதுகு பாம்பு மாதிரி நெளியும். மேல் கீழ்னு ரெண்டு பீஸாத் தைங்க. மூணு டிரெஸ்லயும் இடுப்புல செகப்புப் பட்டை வருது, சேர்ற எடம் அதுக்கடியில மறைஞ்சுடும். மேல்சட்டையைப் பட்டைக்குக் கீழ 10 சென்டிமீட்டர் நீட்டி விட்டு உள்ள சொருகுங்க, பக்கத்துக்கு ஒரு பிரஸ் பட்டன். குட்டிக்கரணம் அடிச்சாலும் வயிறு தெரியாது.

சுற்றளவு: பாலியஸ்டர் லைக்ரா ரெண்டு செட்டுக்கும் உடம்பளவுல எட்டு சதம் குறைச்சு வெட்டலாம். 64 நெஞ்சுன்னா 59. மெக்வயருக்கு மூணு சதம்தான், 62. நீளத்துல கை வெக்காதீங்க. தோள்ல இருந்து காலுக்கு நடுவுல போய்த் திரும்பித் தோளுக்கு வர்ற சுத்தளவை ஒவ்வொரு பையனுக்கும் தனியா எடுங்க. அது குறைஞ்சா ரெண்டாவது பாட்டுலயே கவட்டையில பிரிஞ்சுடும்.

வெட்டறதுக்கு முந்தின நாள் துணியை ரோல்ல இருந்து பிரிச்சுப் போட்டுடுங்க. ஊசி பால்பாயிண்ட் 11ம் நம்பர். சாதா ஊசி போட்டா தையல் தாண்டும், மெஷினைத் திட்டிட்டு உக்காந்திருப்பீங்க. ஓவர்லாக் போட்டு, கவட்டையிலயும் அக்குள்லயும் மட்டும் மேல ஃப்ளாட்லாக்.

முகமூடிக்கு நட்டநடு முகத்துல தையல் வராத மாதிரி வெட்டுங்க. வலை பூரா கண்ணுக்கு நடுவுல இருந்துதான் கிளம்புது. அங்க ரெண்டு மில்லி தள்ளுனாலும் மூஞ்சி கோணலாத் தெரியும். முன்பக்கம் ஒரே பீஸ், தையல் காதுக்குப் பின்னால போகட்டும். பின்கழுத்துல வெல்க்ரோ, சட்டையோட சேத்துத் தைக்கக் கூடாது. மூச்சு முட்டுச்சுன்னா பையனே ஒரே இழுப்புல கழட்டற மாதிரி இருக்கோணும். வாய்க்கு நேரா உள்பக்கம் லைனிங் வேண்டாம்.

கண்ணுக்கு ஃப்ளெக்ஸ் கடையில போய், பஸ் கண்ணாடியில விளம்பரம் ஒட்டற ஓட்டை ஓட்டையா இருக்கற வினைல் கேளுங்க. வெளிய வெள்ளை, உள்ள கருப்பு, உள்ள இருந்து பாத்தா நல்லாவே தெரியும். அதை ஒட்டறதுக்கு மெலிசான ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்). கார்ஃபீல்டுக்கு அப்படியே வெள்ளையா, நீளம் 9 சென்டிமீட்டர் வரைக்கும் போகலாம். ஹாலண்டுக்கு 6, சுத்தி ஒரு சென்டிமீட்டர் கருப்பு ஈவிஏ ஃபோம் வளையம். மெக்வயருக்கு வெள்ளை மேல வெள்ளி ஸ்ப்ரே, தூரத்துல இருந்து ஒரே ஒரு கோட்டிங். ரெண்டாவது அடிச்சா ஓட்டை அடைச்சுக்கும், பையன் மேடையை விட்டுக் கீழ எறங்கிடுவான்.

காலுக்கு சாக்ஸ் மாதிரி தைச்சு விட்டுடாதீங்க, பலகை மேடையில வழுக்கும். பிடி ஷூ மேல உறை, அடிப்பக்கம் தொறந்து, குறுக்க ஒரு எலாஸ்டிக்.

---

மூட்டைகாமிக்ஸ் எழுதியது:

லைட் போடறவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுங்க. ஸ்பைடர்மேன்னதும் செகப்பு லைட்டைப் போட்டுடுவாங்க. செகப்பு வெளிச்சத்துல செகப்புத் துணியும் வெள்ளைக் கண்ணும் ஒண்ணாயிடும், நீலம் கருப்பாயிடும். அப்பறம் மெக்வயராவது ஹாலண்டாவது. மூணு பேரும் வர்ற எடத்துலயாவது வெள்ளை லைட் வேணும்.

---

அவிநாசிரோட்டுத் தையல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு பீஸ் விசயம் எனக்குத் தோணவே இல்லை. மெக்வயருக்குக் காட்டன் லைக்ரா எடுத்தாச்சு, நாளைக்குப் பப் பிரிண்ட் ஸ்கிரீனுக்கு ஃபிலிம் போடறோம்.

சப்ளிமேஷன் டெஸ்ட் கட்டம் வந்துச்சு. 20க்கு 20 குடுத்தது நீளத்துல 19.4, அகலத்துல 19.8 வந்திருக்குது. ரெண்டுக்கும் சேத்து ரெண்டு சதம்னு போட்டுடலாமுங்களா?

---

சப்ளிமேஷன் பேப்பர் எழுதியது:

சராசரி போடாதீங்க. நீளத்துக்கு 103.1, அகலத்துக்கு 101, பைல்ல நீள அகலத்தைச் சேத்துப் பூட்டியிருக்கற பூட்டைத் தொறந்துட்டுத் தனித்தனியா குடுங்க. பைல்ல பாக்கறப்ப சிலந்தி கொஞ்சம் நீண்ட மாதிரி தெரியும், அடிச்சு வந்ததும் சரியாயிடும். ஒண்ணு மட்டும் கவனிங்க: எடம் மிச்சம் பண்றேன்னு ஆபரேட்டர் கைப்பீஸைத் திருப்பிப் போட்டு அடுக்குவாரு. திருப்புன பீஸுக்கு நீளமும் அகலமும் மாறிப் போகும். எல்லாப் பீஸும் ரோல் ஓடற பக்கமே தலை வெச்சு இருக்கோணும்னு எழுதியே குடுத்துடுங்க.