கடையில நின்னே வேலை பார்த்தவங்க இருக்கீங்களா?

நெல்லைக்காரி:
2011-ல இருந்து நாலு வருஷம் தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன்ல நின்னேன். வேலை பார்த்தேன்னு சொல்றதைவிட நின்னேன்னு சொல்றதுதான் சரி. காலையில ஒன்பதரைக்கு ஏறினா ராத்திரி பத்து. சாப்பாட்டு நேரம் அரை மணி, அப்ப மட்டும்தான் உட்காரலாம். ஆளே வராத செவ்வாய்க்கிழமை மத்தியானத்துலகூட, அடுக்கின சேலையையே கலைச்சுக் கலைச்சு அடுக்கணும். சுவத்துல சாய்ஞ்சா கேமராவுல பார்த்துட்டு மைக்குல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.

கால்வலியைக்கூடத் தாங்கிடலாம். பாத்ரூம்தான் பெரிய பாடு. எங்களுக்குன்னு இருந்தது மொட்டை மாடியில. லிஃப்ட்ல நாங்க ஏறக் கூடாது. ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும். எதுக்குக் கேட்டுக்கிட்டுன்னு தண்ணியே குடிக்க மாட்டோம். பீரியட்ஸ்னா காலையில வச்ச நாப்கின்தான் சாயங்காலம் வரைக்கும். ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்குப் பதினாலு பேர். யாராவது ஒருத்தி எப்பவும் நீர்க்கடுப்புல சுருண்டு கிடப்பா. மோர் குடிச்சா சரியாயிடும்னு நாங்களே வைத்தியம் பார்த்துப்போம். எனக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து விலாவுக்குப் பின்னால வலி பிடிச்சப்பதான் டாக்டரம்மா, சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று கிட்னி வரைக்கும் ஏறிடுச்சுன்னாங்க. அப்ப எனக்கு இருபத்தொரு வயசு.

பழைய சூப்பர்வைசர்:
சகோதரி, நான் நீங்க சொல்ற அந்த ‘அண்ணன்’ வேலை பார்த்தவன். வேற கடை, வேற ஊர். உட்கார்ந்த பொண்ணுங்களுக்கு ஐம்பது ரூபா ஃபைன் எழுதியிருக்கேன். உட்கார்ந்தபடி கஸ்டமரை வரவேற்கிறது மரியாதை இல்லைன்னு முதலாளி சொல்வார், நானும் நம்பினேன். நானும் நின்னவன்தான், கெண்டைக்கால்ல நரம்பு முடிச்சு முடிச்சா புடைச்சு இருக்கு. ஆனா பாத்ரூம் போக நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. இதைப் படிக்கிற வரைக்கும் அது எனக்கு உறைக்கவே இல்ல.

கோழிக்கோட்டு மருமகள்:
எங்க ஊர் மிட்டாய்த் தெருவுலயும் இதே கதைதான். அங்க விஜின்னு ஒரு தையல்காரம்மா, ‘பெண்கூட்டு’ன்னு கடைப் பெண்களைச் சேர்த்தாங்க. அவங்க முதல்ல கேட்டது நாற்காலி இல்ல, கக்கூஸ். உட்காரும் உரிமை அப்புறம்தான் வந்துச்சு. 2018-ல கேரளா சட்டத்தைத் திருத்தினாங்க. தமிழ்நாடு 2021 செப்டம்பர்ல, 1947-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்துச்சு. வேலைக்கு நடுவுல ஓய்வு கிடைக்கிறப்ப உட்கார எல்லாருக்கும் இருக்கை போடணும்.

மூணாவது மாடி:
சட்டம் வந்தது தெரியும் அக்கா. எங்க செக்‌ஷன்ல எட்டுப் பேருக்கு ரெண்டு ஸ்டூல் வந்துச்சு. இப்ப அதுமேல டிஸ்கவுன்ட் பலகை நிக்குது. யாரோ அதிகாரி வர்றாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்குப் பலகையைக் கீழ இறக்கினாங்க. நான் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்தேன், உண்மையைச் சொல்லணும்ல.

நெல்லைக்காரி:
பாத்ரூம் உங்களுக்கு எந்த மாடி?

மூணாவது மாடி:
அஞ்சாவது. லிஃப்ட்ல ஏற விட மாட்டாங்க.

நெல்லைக்காரி:
பாட்டில் கொண்டு போய்க் குடிங்க தங்கச்சி, திட்டினாலும் பரவாயில்ல. நான் கடையை விட்டு இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் பஸ் ஏறப் போறேன்னா காலையில இருந்தே தண்ணி குடிக்க மாட்டேங்கிறேன். வீட்டுக்காரர் திட்டிக்கிட்டே இருக்கார்.